மகுடத்தில் இருப்பது மாணிக்கம் அல்ல!

ஒரே நிறம், ஒரே மண்ணில் பிறப்பு... மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பிரித்துக் காட்டுவது எது?

2023 மே 6. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா முடிந்து மன்னர் மூன்றாம் சார்லஸ் வெளியே வந்தபோது, அவர் தலையில் இருந்தது 'இம்பீரியல் ஸ்டேட் கிரவுன்'. அதன் முன்பக்கச் சிலுவையின் நடுவில், நெற்றிக்கு நேர் மேலே பளீரென்று ஒரு சிவப்புக் கல். எடை சுமார் 170 கேரட். நம் கணக்கில் சொன்னால் 34 கிராம், நாலேகால் பவுன்!

அதன் பெயர் 'பிளாக் பிரின்ஸ் ரூபி'. 1367-ல் ஸ்பெயினின் காஸ்டீல் மன்னர் பெட்ரோ, தனக்குப் போரில் உதவிய இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்குக் கொடுத்தது என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அந்த இளவரசருக்குத்தான் 'பிளாக் பிரின்ஸ்' என்று பட்டப்பெயர். 1415-ல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் ஐந்தாம் ஹென்றியின் தலைக்கவசத்தில் இந்தக் கல் இருந்தது என்றும் சொல்வார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அது ரூபி இல்லை, அதாவது மாணிக்கம் இல்லை. ஸ்பைனல் என்கிற வேறொரு கல். அதன் உச்சியில் பழங்காலத்தில் போட்ட ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளையை அடைக்க வைத்திருக்கும் துளியூண்டு கல்தான் நிஜமான மாணிக்கம்!

பிரிட்டிஷ் அரச குடும்பத்திடம் இருக்கும் 'தைமூர் ரூபி'யின் கதையும் இதுவே. 352.5 கேரட், ஏறக்குறைய ஒன்பது பவுன் எடை. ஜஹாங்கீர், ஷாஜஹான் தொடங்கி நாதிர் ஷா வரை கைமாறிய தடயம் அந்தக் கல்லின் மேலேயே எழுத்தாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1849-ல் பஞ்சாபை ஆங்கிலேயர் பிடித்தபோது லாகூர் கஜானாவிலிருந்து அவர்கள் கைக்குப் போய், 1851-ல் விக்டோரியா மகாராணியிடம் சேர்ந்தது. அதுவும் ஸ்பைனல்தான்.

ராஜாக்கள் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? பாட்டி காலத்துச் சிவப்புக்கல் அட்டிகையோ, அம்மா கொடுத்த மோதிரமோ நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. அதை மாற்றிப் புது நகை வாங்கப் போகும்போது கடையில் என்ன நடக்கிறது? 'கல்லுக்கு மதிப்புக் கிடையாதும்மா' என்று சொல்லி, கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கல் கண்ணாடியா, கார்னெட்டா, ஸ்பைனலா, மாணிக்கமா என்று யாரும் கேட்பதில்லை. அதே நேரத்தில் புது மாணிக்க மோதிரம் வாங்கும்போது, கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறோம். இரண்டு இடத்திலும் நஷ்டம் நம்முடையது.

மகுடக் கல்லைக் கண்டுபிடித்த வழிகள் எவையோ, அவையேதான் நம் மோதிரக் கல்லுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்ஸைடு படிகம். இந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று பெயர். அது நம்ம ஊர் வார்த்தை! 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. சேலம், நாமக்கல் பகுதிகளில் குருந்தக் கல் பழங்காலத்திலிருந்தே கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகள் இதற்குப் பேர்பெற்றவை. தூளாக்கிச் சாணை பிடிக்கவும் மெருகேற்றவும் பயன்பட்ட கல் இது. அதே குருந்தம் தெளிவாகவும் சிவப்பாகவும் அமைந்துவிட்டால் மாணிக்கம். நீலமாக அமைந்தால் நீலக்கல்.

ஸ்பைனலில் அலுமினியம், ஆக்ஸிஜனோடு மெக்னீசியமும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு சேர்மானம் போதும், படிகத்தின் கட்டமைப்பே மாறிவிடுகிறது. மாணிக்கப் படிகம் பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்ட பீப்பாய் போலவோ தட்டையான வில்லை போலவோ வளரும். ஸ்பைனல், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிவைத்ததுபோல எட்டு முகங்களோடு வளரும். பட்டை தீட்டாமலேயே சில படிகங்கள் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். மியான்மரில் அப்படிப்பட்ட கல்லை, 'நாட்' எனும் தேவதைகள் மெருகேற்றிய கல் என்று சொல்கிறார்கள்.

பிறகு எப்படி இரண்டுக்கும் ஒரே நிறம்? இரண்டுமே சுத்தமாக இருந்தால் நிறமே இருக்காது. உருவாகும்போது துளி குரோமியம் உள்ளே புகுந்துவிடுகிறது. சிவப்பு அந்தக் குரோமியத்தின் வேலை. ஒரே சாயத்தில் நனைத்த பட்டும் பருத்தியும் மாதிரி: சாயம் ஒன்று, துணி வேறு.

பிறந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பாறை பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பளிங்குப் பாறையாக மாறும்போது, மெக்னீசியம் கைக்கெட்டும் இடத்தில் ஸ்பைனலும், எட்டாத இடத்தில் மாணிக்கமும் உருவாகின்றன. மியான்மரின் மோகோக் பள்ளத்தாக்கில் இரண்டையும் அருகருகே தோண்டி எடுக்கிறார்கள். இலங்கை ரத்தினபுரியில், 'இல்லம்' என்று சொல்லப்படும் சரளை மண்ணைக் கூடையில் போட்டு அலசும்போதும் இரண்டும் கலந்தே வருகின்றன. ஒரே கூடையில் வந்த இரண்டு சிவப்புக் கற்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டதில் ஆச்சர்யம் இல்லை.

உரசிப் பார்த்தால்...

ஒரு கல் இன்னொரு கல்லைக் கீறுமா என்று பார்த்து, 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியது 'மோஸ்' அளவுகோல். வைரம் 10. மாணிக்கம் 9. ஸ்பைனல் 8. மாணிக்கத்தின் முனை ஸ்பைனலைக் கீறும். ஸ்பைனலால் மாணிக்கத்தைக் கீற முடியாது.

இந்த வித்தியாசத்தை முதலில் உணர்ந்தது கல் தீட்டுபவர்களின் கை. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அல்-பிரூனி என்ற அறிஞர், பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த 'லால்' என்ற சிவப்புக் கல்லை 'யாகூத்' எனப்பட்ட மாணிக்கத்திலிருந்து பிரித்தே எழுதிவைத்தார். லால் மென்மையானது என்பது அவர் சொன்ன அடையாளம். பதக்‌ஷான் இன்றைய ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லைப் பகுதி. அந்த லால்தான் ஸ்பைனல். முகலாயர்கள் அதை லால் என்று தெரிந்தேதான் விரும்பினார்கள். 'சிவப்பாக இருந்தால் ரூபி' என்று ஒரே பெயரில் அடக்கியது ஐரோப்பா. 1783-ல் ரோமே டி லீல் என்ற பிரெஞ்சுக் கனிம அறிஞர் படிக வடிவத்தை ஆராய்ந்து, இரண்டும் வேறு வேறு கனிமம் என்று எடுத்துக்காட்டிய பிறகுதான் அங்கே குழப்பம் தீர ஆரம்பித்தது.

தினசரி அணிவதற்கு இரண்டுமே உறுதியானவை. நம் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல்துகளின் கடினத்தன்மை 7. அதைவிடக் குறைந்த கற்கள் நாளடைவில் துடைத்துத் துடைத்தே மங்கிப்போகும். மாணிக்கத்துக்கும் ஸ்பைனலுக்கும் அந்தப் பயம் இல்லை.

ஆனால் ஒன்று. 'கண்ணாடியைக் கீறினால் அசல்' என்று நகைக் கல்லை எடுத்து ஜன்னலில் உரசிப் பார்க்காதீர்கள். மாணிக்கம், ஸ்பைனல், கார்னெட் மூன்றுமே கண்ணாடியைக் கீறும். பதில் கிடைக்காது, கல்லின் முனை உடைந்தால் அதுதான் மிச்சம்.

தண்ணீரில் நிறுத்தால்...

பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கே கைகொடுக்கிறது. மாணிக்கத்தின் ஒப்படர்த்தி 4.00; அதே அளவு தண்ணீரைப்போல நான்கு மடங்கு எடை. ஸ்பைனலுக்கு 3.60.

10 கேரட் கல்லை எடுத்துக்கொள்வோம். கல்லுக்குக் கேரட் என்றால் எடை. தங்கத்தின் 22 கேரட்போலச் சுத்தத்தின் அளவு அல்ல. 1 கேரட் 0.2 கிராம். ஆக, நம் கல் 2 கிராம். அதை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், மாணிக்கம் 1.50 கிராம் காட்டும். ஸ்பைனல் 1.44 கிராம்தான் காட்டும். காற்றில் இருந்த எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். மாணிக்கத்துக்கு 2-ஐ 0.50-ஆல் வகுக்கிறோம்: 4.

கல்லை உரச வேண்டாம், உடைக்க வேண்டாம். எந்தச் சேதமும் இல்லாத சோதனை. ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. கல் நகையில் பதிந்திருந்தால் இந்த வழி உதவாது. கல் சின்னதாக இருந்தாலும் கஷ்டம். 1 கேரட் கல்லில் வித்தியாசம் 0.006 கிராம்கூட வராது. வீட்டுத் தராசு அதைப் பிடிக்காது. ஆய்வகத் தராசு பிடிக்கும்.

இன்னொரு விஷயமும் இதிலிருந்து புரியும். ஒரே எடையுள்ள மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பக்கத்தில் வைத்தால், ஸ்பைனல் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

ஒளி உள்ளே போனால்...

இனி வருவதுதான் ஆய்வகங்கள் அதிகம் நம்பும் பகுதி. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கல்லுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, பாதை வளைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதற்கான எண்தான் ஒளிவிலகல் எண். ஸ்பைனலுக்கு 1.718. மாணிக்கத்துக்கு 1.762 முதல் 1.770 வரை. வேகமாகச் சொன்னால், ஸ்பைனலுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 1,75,000 கிலோமீட்டர் ஓடுகிறது. மாணிக்கத்துக்குள் சுமார் 1,70,000 கிலோமீட்டர்.

இதை அளக்கும் 'ரிஃப்ராக்டோமீட்டர்' உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதன் கண்ணாடிமேல் ஒரு சொட்டு திரவத்தை விட்டு, கல்லின் தட்டையான முகத்தைப் பதியவைத்துப் பார்த்தால், அளவுகோலில் ஒரு நிழல்கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் விடை. ஸ்பைனலை வைத்தால் ஒரே கோடு. மாணிக்கத்தை வைத்தால் இரண்டு கோடுகள்!

ஏன் இரண்டு? ஸ்பைனல் கனசதுரக் கட்டமைப்பு கொண்டது. எந்தத் திசையிலிருந்து ஒளி நுழைந்தாலும் அதற்கு ஒரே மரியாதைதான். மாணிக்கத்தின் கட்டமைப்பு அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட திசையைத் தவிர மற்றெல்லாத் திசையிலும், உள்ளே வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு வேகத்தில் அனுப்புகிறது. இதுதான் இரட்டை ஒளிவிலகல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.008. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்ன எண்தான், மகுடங்களில் இருந்த ரூபிகளின் பெயரை மாற்றியது.

'போலாரிஸ்கோப்' என்ற கருவியிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவில் கல்லை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றினால், மாணிக்கம் நாலு முறை வெளிச்சமாகி, நாலு முறை இருளும். ஸ்பைனல் பொதுவாக இருட்டாகவே இருக்கும்.

ஒரு கல்லில் இரண்டு சிவப்பு

மாணிக்கத்துக்குள் பிரியும் அந்த இரண்டு ஒளிக்கதிர்களுக்கும் நிறமும் ஒன்றல்ல. ஒன்று ஊதா கலந்த சிவப்பு. மற்றொன்று ஆரஞ்சு கலந்த சிவப்பு. நம் கண் இரண்டையும் கலந்து பார்ப்பதால் ஒரே சிவப்பாகத் தெரிகிறது. 'டைக்ரோஸ்கோப்' என்ற விரல் நீளக் குழாய் வழியாகப் பார்த்தால், இரண்டு சிவப்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் தனித்தனியாகத் தெரியும். ஸ்பைனலில் இரண்டு கட்டத்திலும் ஒரே சிவப்பு.

விலை குறைந்த, கற்றுக்கொள்ள எளிதான கருவி இது. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் ஓரளவு வீட்டிலேயே முயலலாம். வெளிச்சத்துக்கு எதிரே கல்லைப் பிடித்து, அதன் முன்னால் கிளாஸை மெதுவாகத் திருப்புங்கள். சிவப்பின் சாயல் மாறி மாறி வந்தால், அது ஸ்பைனலும் இல்லை, கார்னெட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மாறவில்லை என்றால் உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். நீங்கள் பார்த்தது மாணிக்கம் ஒளியைப் பிரிக்காத அந்த ஒரு திசையாகவும் இருக்கலாம். வேறு இரண்டு மூன்று கோணங்களில் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்து ஏமாற்றும் இடம்

எல்லாச் சோதனையும் இரண்டையும் பிரித்துவிடாது. வைரத்தில் வானவில் சிதறுவதற்குக் காரணமான நிறப்பிரிகை, மாணிக்கத்துக்கு 0.018, ஸ்பைனலுக்கு 0.020. வைரத்தின் 0.044-க்கு முன்னால் இரண்டுமே குறைவு. தங்களுக்குள் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது.

ஆன்லைனில் விற்கும் புற ஊதா டார்ச்சும் இங்கே திணறும். இருட்டில் அந்த வெளிச்சத்தை அடித்தால், குரோமியத்தால் சிவந்த மாணிக்கம் கனல்போல ஒளிரும். ஸ்பைனலும் ஒளிரும். கல்லில் இரும்பு அதிகமிருந்தால் ஒளிர்வு மங்கும். மோகோக் மாணிக்கத்தில் இரும்பு குறைவு என்பதால், வெயிலில் வைத்தாலே உள்ளே விளக்கு ஏற்றியதுபோல இருக்கும். கார்னெட் ஒளிராது என்பதால் அதை மட்டும் டார்ச் காட்டிக்கொடுக்கும். ஆனால் தொழிற்சாலையில் செய்த செயற்கை மாணிக்கம் அசலைவிடப் பளிச்சென்று ஒளிரும்! 'டார்ச் அடிச்சேன், எரிஞ்சுது, அதனால அசல்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இந்த ஒளிர்வுக்கு ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மெய்மன் இயக்கிக் காட்டிய உலகின் முதல் லேசர், செயற்கை மாணிக்கத் தண்டில் பிறந்தது. அந்த 694 நானோமீட்டர் சிவப்பு ஒளிதான், மாணிக்கத்தை நிறமாலைமானியில் பார்க்கும்போதும் அடையாளக் கோடாகத் தெரிவது. ஸ்பைனலுக்கு அதே சிவப்புப் பகுதியில் வேறு மாதிரியான கோட்டு வரிசை தெரியும்.

உள்ளே இருக்கும் கைரேகை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், இயற்கைக் கல்லுக்குள் ஓர் உலகமே இருக்கும். மாணிக்கத்தில் ரூட்டைல் எனும் கனிமத்தின் மெல்லிய ஊசிகள் பட்டுநூல்போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அவை அடர்த்தியாக இருந்து, கல்லைக் குமிழ்வடிவில் தீட்டினால், ஆறு கதிர் நட்சத்திரம் மேலே மிதக்கும். ஸ்பைனலுக்குள் குட்டிக் குட்டி எண்முகப் படிகங்கள், கோலப்புள்ளிகள்போல வரிசை கட்டி நிற்கும்.

செயற்கை மாணிக்கத்தில் இவை இருக்காது. 1902-ல் பிரான்ஸில் ஆகஸ்ட் வெர்னே என்பவர், அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். அந்த முறையில் இன்றும் மலிவாகச் செய்கிறார்கள். அதற்கு அடர்த்தி, கடினத்தன்மை, ஒளிவிலகல் எண் எல்லாமே அசல் மாணிக்கத்துடையதுதான். ஆக, இதுவரை பார்த்த அளவுகள் மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பிரிக்கும். மண்ணில் பிறந்ததையும் தொழிற்சாலையில் பிறந்ததையும் பிரிக்காது. அதைக் காட்டிக்கொடுப்பது உள்ளே தெரியும் வளைந்த வரிகளும் காற்றுக்குமிழ்களும்தான். இயற்கைப் படிகத்தில் வளர்ச்சி வரிகள் நேராக இருக்கும்; சுடரில் வளர்ந்ததில் இசைத்தட்டின் கோடுகள்போல வளைந்திருக்கும்.

பாலில் போட்டால் பால் சிவக்குமா?

'அசல் மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெளிச்சம் ஊடுருவும் எந்தச் சிவப்புப் பொருளை வைத்தாலும், பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பாலில் அதன் சாயல் விழும். சிவப்புக் கண்ணாடியும் அந்த வேலையைச் செய்யும். உதட்டில் வைத்து ஜில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணாடியைச் சந்தேகிக்க ஓரளவு உதவும். மாணிக்கமும் ஸ்பைனலும் இரண்டுமே ஜில்லென்றுதான் இருக்கும்.

கல்லை வைத்து வழக்குத் தீர்த்த கதை நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்ததும் உண்மை சபையின் கண்முன் தெறித்து விழுந்தது. முத்தையும் மாணிக்கத்தையும் பிரிக்கக் கண் போதும். மாணிக்கமா, ஸ்பைனலா என்று ஒரு வழக்கு வந்திருந்தால், பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்ல அந்தச் சபையில் யாராலும் முடிந்திருக்காது.

விலை என்ன சொல்கிறது?

2023 ஜூனில், நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 'எஸ்ட்ரெலா டி ஃபுரா' என்ற 55.22 கேரட் மொசாம்பிக் மாணிக்கம் 3.48 கோடி டாலருக்குப் போனது. 2015-ல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 'ஹோப் ஸ்பைனல்' என்ற 50.13 கேரட் கல் 9,62,500 பவுண்டுக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 15 லட்சம் டாலர். எடையில் ஐந்து கேரட் வித்தியாசம். விலையில் இருபது மடங்குக்கும் மேல்.

இதைப் பார்த்து ஸ்பைனலைப் 'போலி' என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் பூமிக்குள் உருவான அசல் ரத்தினம்தான். மாணிக்கம் என்று சொல்லி அதை விற்பதுதான் போலித்தனம். 2016-ல் அமெரிக்க நகைத்துறை அமைப்புகள் ஆகஸ்ட் மாதப் பிறப்புக்கல் பட்டியலில் ஸ்பைனலையும் சேர்த்தன. பெரும்பாலான ஸ்பைனல்கள் சூடேற்றல் போன்ற எந்தச் சிகிச்சையும் இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. மாணிக்கங்களில் பெரும்பாலானவை, நிறமும் தெளிவும் கூடுவதற்காக உலையில் சூடேற்றப்பட்டவை. அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை.

உஷாராக இருக்க வேண்டியது வேறு ஒன்றிடம். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த 'லெட் கிளாஸ்' மாணிக்கம். விரிசல் விழுந்த தரக்குறைவான குருந்தத்துக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுகிறார்கள். பார்க்கத் தெளிவான சிவப்பாக, பெரிதாக, மலிவாக இருக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே உள்ளிருக்கும் கண்ணாடி அரிக்கத் தொடங்கிவிடும். நகையைச் சரிசெய்யப் பற்றவைக்கும் சூட்டில் கல் பாழாகிவிடும். சமையலறையில் புளியும் எலுமிச்சையும் புழங்கும் கைக்கு ஏற்ற கல் இல்லை அது.

நகையை மாற்றும் முன்...

ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. கல்லுக்குத் தனியாக ரத்தினப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ராசிக்கல் அணிவதும் அணியாததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் எதற்காக வாங்கினாலும், மாணிக்கத்துக்கு என்று கொடுக்கும் பணத்துக்கு மாணிக்கம்தான் வர வேண்டும்.

சான்றிதழில் நான்கு இடங்களைப் பாருங்கள். கனிமத்தின் பெயர் 'கொரண்டம்' என்றும், வகை 'ரூபி' என்றும் இருக்கிறதா? 'நேச்சுரல்' என்று இருக்கிறதா, 'சிந்தெடிக்' என்று இருக்கிறதா? சிகிச்சை பற்றிய குறிப்பில் சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்று எழுதியிருக்கிறதா? எடையும் அளவும் நம் கையிலிருக்கும் கல்லோடு ஒத்துப்போகிறதா? 'காம்போசிட் ரூபி' என்றோ 'லெட் கிளாஸ் ஃபில்ட்' என்றோ இருந்தால், அது மேலே சொன்ன கண்ணாடிக் கல்.

பழைய நகையென்றால் இன்னும் கொஞ்சம் நிதானம் தேவை. நம் பழைய கெம்பு நகைகளில் கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே மெல்லிய தகடும் அரக்கும் வைத்திருப்பார்கள். அந்தத் தகடு எந்தச் சிவப்பையும் ஒரே மாதிரி மின்னவைக்கும். ஒரே அட்டிகையில் மாணிக்கமும் கண்ணாடியும் கலந்துகூட இருக்கலாம். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் செத்ததுபோல ஆகிவிடும். மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், கற்களை உங்கள் கண்முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய கற்களை எண்ணி, தனியாக நிறுத்து, கையோடு வாங்கி வந்துவிடுங்கள். எடையைக் கழித்துவிட்டார்கள் என்றால் கல் உங்களுடையது. நகையைச் சரிசெய்யக் கொடுத்தாலும், பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றிவிடுமாறு கேளுங்கள். வெண்காரத்தோடு சூடு சேர்ந்தால், அசல் மாணிக்கத்தின் மேற்பரப்பே அரித்துப்போகும்.

பாட்டி வீட்டு அட்டிகையிலிருந்து வரும் இருபது கற்களில் பதினெட்டு கண்ணாடியாகவே இருக்கலாம். மீதி இரண்டு எவை என்று தெரியாமல் அவற்றைக் கடை மேஜையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. எல்லாக் கல்லையும் சோதிக்க வேண்டியதில்லை. லென்ஸும் டைக்ரோஸ்கோப்பும் வைத்திருக்கும் ரத்தினப் பரிசோதகர் ஒருவரிடம் காட்டி, முதலில் கண்ணாடியை ஒதுக்கச் சொல்லுங்கள். தேறுகிற கற்களுக்கு மட்டும் ஆய்வகச் சான்றிதழ் வாங்கினால் செலவும் அடங்கும்.

ஒரே பார்வையில்

கனிமம்: மாணிக்கம் - அலுமினியம் ஆக்ஸைடு, ஸ்பைனல் - மெக்னீசியம் அலுமினியம் ஆக்ஸைடு.
கடினத்தன்மை: மாணிக்கம் 9, ஸ்பைனல் 8.
ஒப்படர்த்தி: மாணிக்கம் 4.00, ஸ்பைனல் 3.60.
ஒளிவிலகல் எண்: மாணிக்கம் 1.762 - 1.770, ஸ்பைனல் 1.718.
ரிஃப்ராக்டோமீட்டரில்: மாணிக்கம் இரண்டு கோடு, ஸ்பைனல் ஒரு கோடு.
டைக்ரோஸ்கோப்பில்: மாணிக்கம் இரண்டு சிவப்பு, ஸ்பைனல் ஒரே சிவப்பு.
புற ஊதா ஒளியில்: இரண்டும் சிவப்பாக ஒளிரும்.
லென்ஸில்: மாணிக்கம் பட்டுநூல் ஊசிகள், ஸ்பைனல் எண்முகப் புள்ளி வரிசை.